பிணம் இல்லாத வேதாளம்

இந்த வருடம் புத்தகக் காட்சியில் தம்பி மகளுக்காக வாங்கிய விக்கிரமன் வேதாளம் புத்தகத்தில் பிணம் இல்லை. ராஜா இருக்கிறார், மரம் இருக்கிறது, மரத்தில் கன்னம் உப்பிய ஒரு வெள்ளைக் குட்டி வேதாளம் சிரித்துக்கொண்டே தொங்குகிறது. ராஜா அதை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறார். வழியில் அது கதை சொல்கிறது, அவர் பதில் சொல்கிறார், அது டாட்டா காட்டிவிட்டுப் பறந்துபோகிறது. தாள் வழவழவென்று இருக்கிறது. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. குழந்தை ஒரே மூச்சில் படித்து முடித்து ஓரமாக வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தோளில் கிடப்பது பிணம் இல்லையென்றால் ராஜா எதற்காக நடுராத்திரியில் சுடுகாட்டுக்குப் போக வேண்டும்? எதற்காக வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும்? கதையைக் கொன்றுவிட்டு, பவுடர் பூசி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. தம்பி மனைவியிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளை அண்ணி. பொணம், சுடுகாடெல்லாம் இப்பவே எதுக்கு?" என்றாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கெட்ட கனவு கண்டு எழுந்து அழும் பிள்ளையை ராத்திரி இரண்டு மணிக்கு மடியில் போட்டுத் தட்டுகிறவள் அவள்தான். அவளோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியவில்லை. சரி, நாம் பயந்து படித்த புத்தகங்களையெல்லாம் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம், அவற்றில் அப்படி என்னதான் இருந்தது என்று உட்கார்ந்தேன்.

மூலக்கொத்தளம் போகிற வழியில்

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பல குடித்தனங்கள், ஒரே குழாய், பின்பக்கம் கக்கூஸ், அதற்கு முன்னால் ஒரு முருங்கை மரம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றால் அது பழைய பேப்பர் கடையிலிருந்து வருவதுதான். யாரோ எடைக்குப் போட்ட அம்புலிமாமா, அட்டை கிழிந்து, பல நேரம் கடைசிப் பக்கமும் போய், கட்டுக் கட்டாகக் கிடக்கும். 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. பல வருடத்து இதழ்கள் அந்தக் கட்டுகளில் கலந்து கிடந்தன. மாதவாரியாக எதுவும் கிடைக்காது. அதனாலேயே எந்த இதழ் முந்தியது, எது பிந்தியது என்று எங்களுக்குத் தெரியாது. வேதாளக் கதைக்கு அது தேவைப்படவும் இல்லை. எந்த இதழை எடுத்தாலும் 'தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்' மரத்தில் ஏறிக்கொண்டிருப்பான்.

பயம் முழுக்க அந்த முதல் பக்கத்துப் படத்தில் இருந்தது. உருவிய வாளோடு ராஜா, தோளில் மடிந்து தொங்கும் பிணம், தரையில் மண்டையோடு. நான் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படிப்பேன். பக்கத்தைத் திருப்பினால் தொல்லை தீராது. மெல்லிய தாள் என்பதால் படத்தின் கறுப்பு மை மறுபக்கம் நிழலாகத் தெரியும், ராஜா இப்போது எதிர்த்திசையில் நடந்துகொண்டிருப்பார். அங்கேயும் கையை வைக்க வேண்டும். ஆனால் கதை முடிந்ததும் கையை எடுத்துவிட்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மூடியதும் நானே, பார்த்ததும் நானே. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பயத்தை எவ்வளவு உள்ளே விடலாம், எப்போது கதவைச் சாத்தலாம் என்பதை அந்த உள்ளங்கை தானாகக் கற்றுக்கொண்டது.

வரைந்தவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் மெட்ராஸ் வந்து, முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். நாங்கள் பள்ளிக்கூட பெல்ட்டும் ரிப்பனும் வாங்கப் போகிற ஜார்ஜ் டவுன் சந்துகளில் நடந்து வளர்ந்தவர். 2020 செப்டம்பரில் அவர் காலமான அன்று எனக்கு வந்த வாட்ஸப் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படத்தோடுதான் வந்தன.

பிணம் எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலங்கள் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும். சாவு மேளம், வெடி, அள்ளி வீசிய பூ, முன்னால் ஆடிக்கொண்டு போகிற பையன்கள். முந்தின ராத்திரி முழுக்க மரண கானா. மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒற்றை ரூபாய், தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, இதெல்லாம் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதே பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று. யாரும் எங்கள் கண்ணைப் பொத்தவில்லை. மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டியவர்கள் வரும்போது ஆயா எங்களை முன்னால் தள்ளி நிற்க வைத்து விபூதி வாங்கித் தருவாள். அதனால் பிணம் என்பதற்காகப் பயந்தோம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிணம் பேசுகிறது என்பதுதான் பயம். பேசுவது மட்டுமா, ஒரு நிபந்தனையும் போடுகிறது. பதில் தெரிந்தும் சொல்லாமலிருந்தால் உன் தலை சுக்குநூறாக வெடிக்கும். பதில் சொன்னாலோ மௌனம் கலையும், பிணம் மரத்துக்குப் போய்விடும். எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்கிற அந்த இடம்தான் என் வயிற்றைப் பிசைந்தது. ராத்திரி கக்கூஸ் போக முருங்கை மரத்தைத் தாண்டும்போது, அது ஏதாவது கேள்வி கேட்டுவிடுமோ, எனக்குப் பதில் தெரிந்திருக்குமோ என்றுதான் பயப்படுவேன். ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். "இன்னாத்துக்குடி அத்தப் படிச்சிட்டு இத்தாம் பயப்படுற?" என்பாள். ஆனால் படிக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆயாவின் பெரிய எழுத்து

சொல்லாததற்குக் காரணம், அவளும் அந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் படித்தாள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போட்டது. கொண்டித்தோப்பில் அவர்களுடைய அச்சகம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தமிழ்நாடு முழுக்கத் திருவிழாக் கடைகளிலும் நடைபாதையிலும் விற்ற அந்தப் புத்தகங்கள் வடசென்னையில்தான் அச்சாகி மூட்டை மூட்டையாகக் கிளம்பின. பேய், சாபம், தலைவெட்டு, உயிர்ப்பலி எல்லாம் எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து ஊருக்குப் போனது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. ஆயா மதியச் சோறு முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, உரக்க ராகமாகப் படிப்பாள். குடித்தனக்காரப் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். பிள்ளைகளும்தான். போ அந்தப் பக்கம் என்று யாரையும் விரட்டியதில்லை.

இப்போது நல்லதங்காளை மறுபடி எடுத்தேன். சின்ன வயதில் அதை ஒரு பயமுறுத்தும் கதையாகவே நான் எண்ணியதில்லை. பெண்கள் அழுவார்கள், நானும் கூடவே அழுவேன், அப்புறம் விளையாடப் போய்விடுவேன். பேய் இல்லையே, என்ன பயம்? இந்தமுறை என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைத் திறக்கவில்லை. கடைசியில் பாழுங்கிணறு. ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் போடுகிற அந்தப் பகுதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வேதாளம் எனக்கு இப்போது ஒன்றுமே இல்லை. திறக்காத கதவுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஆக, பிள்ளைகள் எதற்குப் பயப்படுவார்கள் என்று தீர்மானிக்கும்போது நாம் நம்முடைய பயத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் அந்த ராத்திரி வந்தது. பிணத்தைப் பார்த்து மிரளுவது குழந்தையா, அதை வாங்கித் தருகிற நாமா?

இந்தச் சண்டை நம் ஊருக்கு மட்டுமானதில்லை. அமெரிக்காவில் ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டுப்புறப் பேய்க்கதைகளைத் தொகுத்து, 'ஸ்கேரி ஸ்டோரீஸ் டு டெல் இன் தி டார்க்' என்று 1981இல் சிறுவர்களுக்காக வெளியிட்டார். ஸ்டீபன் கேமெல் வரைந்த படங்கள் உண்மையிலேயே குலைநடுங்க வைப்பவை. நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி வந்த எதிர்ப்புகளில் 1990 முதல் 1999 வரைக்கும் இந்த வரிசைக்குத்தான் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் முதலிடம். பிற்பாடு மறுபதிப்பில் அந்தப் படங்களை எடுத்துவிட்டு வேறொருவரின் சாதுவான படங்களைப் போட்டார்கள். சின்ன வயதில் அதைப் படித்துப் பயந்து வளர்ந்தவர்களே சண்டைக்கு வந்தார்கள், எங்கள் படம் எங்கே என்று. சில வருடம் கழித்துப் பழைய படங்கள் திரும்பி வந்தன. இதைப் படித்தபோது, உள்ளங்கையால் படத்தை மூடிய பிள்ளைகள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் படிக்காத கடைசிப் பக்கம்

அம்புலிமாமாவில் வேதாளக் கதைக்கு முடிவே கிடையாது. பழைய கதைகள் தீர்ந்துபோன பிறகும் அதே சட்டத்துக்குள் புதுக் கதைகளை எழுதிக்கொண்டே போனார்கள். மாதப் பத்திரிகை, வேறென்ன செய்யும்? அதனால் ராஜா ஏன் அந்தப் பிணத்தைத் தூக்குகிறார், கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன ஆகும் என்று எங்களில் பலருக்குத் தெரியாமலே போனது. ஆயாவின் பெரிய எழுத்தில் அது இருந்திருக்கும். ஆனால் அவள் படிக்கும்போது அந்த இடத்தில் நான் இருந்த ஞாபகம் இல்லை. அதனால் மூலத்துக்கே போனேன். காஷ்மீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம். டாவ்னி செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரு சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

அதில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். ஊர் கோதாவரிக் கரையில் பிரதிஷ்டானம். மரமும் முருங்கை இல்லை, சிம்சுபா. அசோகவனத்தில் சீதை உட்கார்ந்திருந்தாளே, அந்த மரம். ஒரு பிக்ஷு தினமும் சபைக்கு வந்து ராஜாவிடம் ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். எதுவும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் இது நடக்கிறது. ராஜா பழத்தை வாங்கி வாங்கிப் பொக்கிஷக்காரனிடம் தந்துவிடுகிறான். ஒருநாள் அங்கே வந்த குரங்கு ஒன்று அதைக் கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. அத்தனை பழத்திலும் ரத்தினம். இதெல்லாம் எதற்கு என்று கூப்பிட்டுக் கேட்டால், மந்திர சாதனைக்கு ஒரு வீரனின் துணை வேண்டும், தேய்பிறைச் சதுர்த்தசி இரவு மயானத்துக்கு வாருங்கள், அவ்வளவுதான் என்கிறான். இவ்வளவு கொடுத்தவன் இத்தனூண்டுதானே கேட்கிறான்?

ராஜா போகிறான். மரத்தில் தொங்கும் உடலின் கயிற்றை வெட்டுகிறான். கீழே விழுந்த பிணம் அடிபட்டவன் மாதிரி அலறுகிறது. அப்போது அவன் செய்வதுதான் என்னை நிறுத்தியது. உயிர் இருக்கிறதோ என்று இரக்கப்பட்டு, இறங்கி வந்து அதன் கை காலைத் தேய்த்துவிடுகிறான். சுடுகாட்டில், நடு இருட்டில், ஒரு பிணத்துக்கு. அது வெடிச்சிரிப்புச் சிரித்த பிறகுதான் உள்ளே வேதாளம் இருப்பது அவனுக்குப் புரிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே பிணம் பிணமாக இருக்க வேண்டும். கன்னம் உப்பிய பொம்மையின் காலை எந்த ராஜாவும் தேய்த்துவிட வேண்டியதில்லை.

அப்புறம் கதைகள், கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் வேதாளம் மரத்துக்குத் திரும்புவது. இருபத்துநான்காவது கேள்விக்கு ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். வேதாளம் மகிழ்ந்துபோய் உண்மையைச் சொல்கிறது: அந்த பிக்ஷு உன்னைத்தான் பலி கொடுக்கப்போகிறான். தரையில் விழுந்து கும்பிடு என்பான். நான் ராஜா, எனக்குப் பழக்கமில்லை, நீ முதலில் செய்து காட்டு என்று சொல். அவன் குனிந்ததும் தலையை வெட்டு. ராஜா அப்படியே செய்கிறான்.

நான் அதற்கு மேல் படிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் ஒவ்வொரு முறை ராஜா வாயைத் திறக்கும்போதும், ஐயோ பேசாதே, பிணம் போய்விடும் என்று பதறியிருக்கிறேன். அவன் பேசாமலிருந்திருந்தால் முதல் நடையிலேயே பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான், அங்கேயே பலியாகியிருப்பான். வேதாளம் ஒவ்வொரு முறை மரத்துக்குத் திரும்பும்போதும் அவன் சாவு கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. அந்த இரவு முழுக்க அவனைக் காப்பாற்றியது, எங்களை ராத்திரி கக்கூஸுக்குப் போகவிடாமல் செய்த அதே வேதாளம்தான். பயப்பட வேண்டியவன் தினமும் பகலில், சபை நடுவே, பணிவாக, கையில் பழத்தோடு வந்தான்.

இதைத்தான் நான் தம்பி மனைவியிடம் சொல்ல விரும்பினேன். நான் வாங்கிய புத்தகத்தில் பிணத்தோடு சேர்த்து அந்த பிக்ஷுவையும் எடுத்துவிட்டார்கள். கோரமான முகத்தோடு வருவதெல்லாம் கெட்டதில்லை, எதுவும் கேட்காமல் தினம் தினம் தின்பண்டம் கொடுப்பவனைக் கவனி என்று ஒரு பெண் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படம் போட்டு விளக்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் படம் மறந்துபோகும். ரத்தினம் வைத்த பழம் மறக்காது.

முடிவில் இன்னொன்றும் இருக்கிறது. வேதாளம் வரம் கேட்கச் சொல்கிறது. இந்தக் கதைகளெல்லாம் உலகத்தில் புகழோடு விளங்க வேண்டும் என்கிறான் ராஜா. அப்படியே ஆகட்டும் என்கிற வேதாளம், இவை சொல்லப்படும் இடத்தில் யட்சர், வேதாளம், ராட்சசர் எவருக்கும் சக்தி இருக்காது என்றும் சேர்த்துச் சொல்கிறது. படித்தால் பேய் வரும் என்று நாங்கள் நடுங்கிய கதை, படித்த இடத்தில் பேய் அண்டாது என்று தன் வாயாலேயே வாக்குக் கொடுத்திருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படித்த ஆயாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில்

தம்பி மனைவி கடைசியில் ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், விளக்கு வைத்த பிறகு கூடாது என்று ஒரே நிபந்தனை. முதல் நாளே பிணம், சுடுகாடு, பிக்ஷு, முடிவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிவு தெரிந்த பிறகுதான் நடுவில் இருக்கிற கதைகள். "செத்துப்போனவங்க ரொம்ப வெயிட்டா இருப்பாங்களா அத்தை?" என்று கேட்டாள் குழந்தை. இருப்பாங்க என்றேன். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லையாம். போனில் சொன்னாள் தம்பி மனைவி, குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வாரக் கதைக்கும் காத்திருக்கிறாள் என்று அவளே சொன்னாள்.

போன வாரம் தலை மாறிய கதை. தேவி கோயிலில் ஒரு பெண்ணின் கணவனும் அண்ணனும் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அவள் சாகத் துணியும்போது, தலைகளை உடம்போடு சேர், பிழைப்பார்கள் என்று தேவி சொல்கிறாள். பதற்றத்தில் அவள் மாற்றிச் சேர்த்துவிடுகிறாள். இப்போது யார் அவள் கணவன்? உறுப்புகளில் தலைதான் தலைமை, அதனால் கணவனின் தலை இருப்பவனே கணவன் என்பது ராஜாவின் பதில்.

"அதெப்படி?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பருப்பு கிண்டிக்கொண்டிருந்த கரண்டியோடு தம்பி மனைவி வெளியே வந்தாள். "அந்த உடம்பு அவ கூடப் பொறந்தவன் உடம்பு அண்ணி. அதோட எப்படிக் குடும்பம் நடத்துவா?" நான் ராஜா பக்கம் பேசினேன். குழந்தை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இன்னொருத்தருக்கும் அவங்க அண்ணன் தலை இருக்கு. அப்ப ரெண்டு பேருமே வேணாம்னு சொல்லலாம்ல?" என்றாள். டியூட்டி முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த தம்பியை, செருப்பைக் கழற்றுவதற்குள் நிறுத்தி, மூன்று பேருமாக அவனைக் கேட்டோம்.